டாக்குமென்டரி எடுக்குற வேல: எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் காலேஜ்ல எங்கயாவது பேசக் கூப்பிட்டா போவேன். போயிட்டு வந்த ஒரு வாரத்துக்கு வாட்ஸப்புல கேள்வியா வந்து குவியும். பத்துல எட்டு ஒரே கேள்வி. ஒவ்வொருத்தருக்கா பதில் டைப் பண்ணி விரலு தேஞ்சதுதான் மிச்சம், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். எனக்கு ஊரு தக்கலை பக்கம். பதினாறு வருஷமா இந்த வேலதான், கூடவே கல்யாண வீடியோவும் உண்டு. அது ஏன்னு கீழ சொல்றேன்.

டாக்குமென்டரின்னா நியூஸ் மாதிரியா, சினிமா மாதிரியா?

ரெண்டும் இல்ல. நியூஸ்காரங்களுக்கு சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். எனக்கு மூணு வருஷம் ஆனாலும் ஏன்னு கேக்க ஆளில்ல, காசு குடுக்கவும் ஆளில்ல, அது வேற கதை. நடிக்க வைக்காம, நெசமா இருக்குற ஆளையும் இடத்தையும் வச்சுக் கதை சொல்றது, அவ்வளவுதான். ஆனா கதை சொல்லணும். வெறும் பேட்டிய ஒட்டி ஒட்டிப் போட்டு நடுவுல ட்ரோன் ஷாட் வச்சா அது டாக்குமென்டரி ஆகாது, சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்கும்.

நீங்க எப்படி இதுக்குள்ள வந்தீங்க?

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழம. நான் அப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம். சுனாமி வந்த மறுநாள் குளச்சல், கொட்டில்பாடு பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்கப் போன கூட்டத்துல நானும் போனேன். மணக்குடில பாலமே போயிருந்துச்சு. அந்த நேரத்துல ஒரு டிவி ஆளு, எந்த சேனல்னு சொல்லமாட்டேன், பிள்ளயப் பறிகுடுத்த ஒரு அம்மாகிட்ட மைக்க நீட்டுறாரு, அவங்க அழுறாங்க, கேமராமேன் ஏதோ சரியா விழலன்னு சொல்றாரு, உடனே இவரு "அம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க"ங்குறாரு. அந்த அம்மா இன்னொரு தடவயும் சொன்னாங்க. அழுதுகிட்டே.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அதுதான் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. உடனே கேமராவத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன்னெல்லாம் இல்ல. காலேஜ் முடிச்சு ஒரு ஸ்டுடியோல எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாண ஆல்பம், ஞானஸ்நானம், கோயில் கொடை, சர்ச் திருவிழா. நாலு வருஷம் அடுத்தவங்க வீட்டு விசேஷத்தப் பாத்துப் பாத்து, மனுசங்க மூஞ்சில எப்ப நெசம் வருதுன்னு படிச்சேன்னு வச்சுக்கோங்க.

என்ன படிக்கணும்?

படிச்சா நல்லது, படிக்காட்டியும் ஆகும். புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1960ல தொடங்குனது, கல்கத்தால சத்யஜித் ரே பேர்ல இருக்குறது 1995ல வந்தது, ரெண்டுக்கும் நுழைவுத் தேர்வு எழுதணும். சென்னை தரமணில அரசு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் இருக்கு. டெல்லி ஜாமியால மாஸ் கம்யூனிகேஷன் படிச்ச ஆளுங்க டாக்குமென்டரில நெறைய பேரு. இங்க எல்லாம் கிடைக்கிற பெரிய விஷயம் சிலபஸ் இல்ல, கூடப் படிக்கிற ஆளுங்க. பின்னாடி உங்க படத்துக்கு சவுண்ட் பண்றது, கேமரா இரவல் தர்றது எல்லாம் அவங்கதான். எனக்கு அது அமையல, ரொம்ப நாள் அந்தக் குறை இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு.

மாசம் எவ்வளவு வரும்?

இந்தக் கேள்விய எல்லாரும் கடைசில தயங்கித் தயங்கிக் கேப்பாங்க. மொதல்லயே கேளுங்க, தப்பில்ல.

மாசம்னு ஒண்ணு இதுல கிடையாது. என் மொதல் படம் அண்டி ஆபீஸ்ல வேல பாக்குற பொம்பளைங்களப் பத்தினது. அண்டி ஆபீஸ்னா வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது, முந்திரிப் பருப்பு ஃபேக்டரி, விளவங்கோடு கல்குளம் பக்கம் நெறைய உண்டு. அதுக்கு மூணு வருஷம் ஆச்சு, கையில இருந்தும் கடன் வாங்கியும் நாலு லட்சத்துக்கு மேல போச்சு, திரும்பி வந்தது அறுபதாயிரம். அந்த அறுபதாயிரமும் மொத்தமா வரல, ஒரு விருதுல கொஞ்சம், காலேஜ் ஸ்க்ரீனிங்ல கொஞ்சம், ஒரு வெளிநாட்டு யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு காப்பி குடுத்ததுல கொஞ்சம்னு அஞ்சு வருஷத்துல வந்துச்சு. ரெண்டாவது படத்துக்கு ஒரு நிதி கெடச்சதால கடன் இல்லாம முடிச்சேன், ஆனா எனக்குன்னு சம்பளம் போட்டுக்கல. பட்ஜெட் எழுதும்போது எனக்கு சம்பளம்னு ஒரு வரி போடவே வெக்கமா இருந்துச்சு, அது பெரிய முட்டாத்தனம். நீங்க போடுங்க. அத வச்சு யாரும் உங்கள ரிஜெக்ட் பண்ண மாட்டாங்க.

அப்ப சோறு எங்கேருந்து வருதுன்னா, கல்யாண வீடியோ, ஆஸ்பத்திரி ஸ்கூல் விளம்பரம், தொண்டு நிறுவனங்களுக்கு அஞ்சு நிமிஷ படம், அப்பப்ப எங்கயாவது வகுப்பு. வெளிநாட்டு டீம் இங்க ஷூட்டிங் வந்தா அவங்களுக்கு ஆளு, வண்டி, மொழிபெயர்ப்பு எல்லாம் ஏற்பாடு பண்ணிக் குடுக்குற வேல, அதுல ஒரு வாரத்துல வர்றது நான் ரெண்டு மாசம் எடிட் பண்ணாலும் வராது. கல்யாண சீசன்ல சம்பாதிக்கிறது, மழைக்காலத்துல சொந்தப் படம்னு ஒரு கணக்கு வச்சிருக்கேன். அந்தக் கணக்கு தப்பாத வருஷம் இதுவரைக்கும் வந்ததில்ல.

கல்யாண வீடியோ எடுக்குறவள டாக்குமென்டரி டைரக்டர்னு ஒத்துக்காத ஆளுங்களும் இருக்காங்க. கொள்ளாம், இருந்துட்டுப் போகட்டு.

ஃபண்டு எங்க கேக்குறது?

முன்னாடி அரசாங்கத்துல ஃபிலிம்ஸ் டிவிஷன் இருந்துச்சு, 1948ல தொடங்குனது, 2022ல அத என்.எஃப்.டி.சி.ங்குற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோட சேத்துட்டாங்க. பி.எஸ்.பி.டி.ன்னு, பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் டிரஸ்ட், 2000ல தொடங்கி தூர்தர்ஷனுக்காக நூத்துக்கணக்குல டாக்குமென்டரி தயாரிச்சாங்க, புது ஆளுங்களுக்கும் குடுத்தாங்க. பெங்களூர்ல ஐ.எஃப்.ஏ., அதாவது இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இருக்கு, கலை சம்பந்தமான வேலைக்கு நிதி தர்றாங்க, அதுல எனக்குப் புடிச்சது என்னன்னா விண்ணப்பத்த தமிழ்லயே எழுதி அனுப்பலாம். இங்கிலீஷ் வரலயேன்னு ஒதுங்கி நிக்கிற பசங்க மொதல்ல அதப் பாருங்க. ஆம்ஸ்டர்டாம்ல இட்ஃபான்னு டாக்குமென்டரி ஃபெஸ்டிவல் நடத்துறவங்களோட பெர்த்தா ஃபண்டு நம்ம மாதிரி நாட்டு ஆளுங்களுக்குன்னே இருக்கு. கல்கத்தால டாக்எட்ஜ்னு ஒண்ணு நடத்துறாங்க, அங்க உங்க படத்தப் பத்தி டிவி ஆளுங்க, ஃபண்டு ஆளுங்க முன்னாடி கொஞ்ச நிமிஷத்துல பேசிப் புரிய வைக்கணும், அதுக்குப் பேரு பிட்ச்.

பிட்ச்ல நான் மொதல் தடவ தோத்தது எப்படின்னா, முந்திரி ஏற்றுமதி, கூலி, உலகச் சந்தைன்னு ஒரே புள்ளிவிவரமாச் சொன்னேன். கேட்டவங்க தலையாட்டுனாங்க, ஒருத்தரும் கூப்பிடல. அடுத்த தடவ ஒரு அக்காவோட கையப் பத்தி மட்டும் சொன்னேன். அண்டி தல்லும்போது, அதாவது முந்திரிக் கொட்டைய உடைக்கும்போது, ஓட்டுலேருந்து ஒரு எண்ணெய் கசியும், தோல அரிச்சு கையக் கருப்பாக்கிடும், அதுக்காக சாம்பல தடவிகிட்டு வேல பாப்பாங்க. அந்த அக்கா பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி மகளோட கைய மட்டும் காட்டச் சொல்லிட்டு தன் கைய முந்தானைக்குள்ள மறச்சுக்குவாங்க. இவ்வளவுதான் சொன்னேன், ரெண்டு பேரு கார்டு குடுத்தாங்க.

என்ன கேமரா வாங்கட்டு?

கேமராவ விடுங்க, மொதல்ல மைக் வாங்குங்க. படம் கொஞ்சம் ஆடுனா ஜனங்க மன்னிப்பாங்க, பேச்சு கேக்கலன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க. அதுவும் நம்ம ஊரு காத்து இருக்கே. ஆரல்வாய்மொழி, முப்பந்தல்ல காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்கான், அங்க போயி வெறும் மைக்க நீட்டுனா புஸ்ஸுன்னு ஒரே இரைச்சல்தான் கிடைக்கும். மைக்குக்கு மேல பூனை ரோமம் மாதிரி ஒரு உறை விப்பாங்க, அது இல்லாம கடற்கரைக்கும் கணவாய்க்கும் போகாதீங்க. சட்டையில குத்துற சின்ன மைக்க சட்டைக்கு உள்பக்கம் ஒட்டுங்க.

அடுத்து உப்பு. கடற்கரைல ஒரு நாள் ஷூட் பண்ணிட்டு வந்தா லேசா ஈரத் துணில கேமராவ, டிரைபாட் காலத் தொடச்சிட்டுதான் சாப்பிடவே உக்காரணும். ரெண்டு மழையும் வாங்குற மாவட்டம் இது, ஜூன்லயும் பெய்யும் ஐப்பசிலயும் பெய்யும், லென்ஸுக்குள்ள பூஞ்ச பிடிச்சிரும். காத்துப் புகாத அரிசி டப்பா ஒண்ணுல சிலிக்கா ஜெல் போட்டு வச்சா போதும், ஆயிரக்கணக்குல செலவழிச்சு பெட்டி வாங்கணும்னு இல்ல. என் ஒரு லென்ஸ் அப்படிதான் செத்துச்சு.

டியூப்லைட்டுக்குக் கீழ எடுக்கும்போது படத்துல கோடு கோடா ஓடுதுன்னு கேக்குறாங்க. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால ஷட்டர 1/50ல வைங்க, செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல எடுங்க, பாதிப் பிரச்சனை போயிடும்.

எடுத்தத மூணு காப்பி வைங்க, அதுல ஒண்ணு வேற வீட்டுல இருக்கணும். என்னோடது அம்மா வீட்டு அலமாரில சேலைக்கு நடுவுல இருக்கு.

குமரி மாவட்டத்துல எடுக்குறதுக்கு என்ன கதை இருக்கு?

இதக் கேக்கும்போது எனக்குக் கொஞ்சம் கோவம் வரும். எல்லாரும் விவேகானந்தர் பாறையும் சூரிய உதயமும் எடுத்துட்டு கதை இல்லங்குறாங்க.

மலையடிவாரத்துல விடியக்காலம் நெத்தில லைட்டக் கட்டிகிட்டு ரப்பர் வெட்டப் போறவங்களப் பாருங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெட்டுனாதான் பால் நல்லா வடியும். வருஷக் கடைசில ரப்பர் இல பொழிஞ்சு, ஜனவரிக்கு மேல புதுத் தளிர் விடும்போது மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீக்காரங்களுக்கு சீசன், பெட்டியத் தோட்டத்துக்குள்ள கொண்டு வைப்பாங்க. 90கள்ல ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க கூடு கூடா ஈ செத்துச்சு, அந்தக் காலத்து ஆளுங்க அதச் சொல்லக் கேட்டா யாரோ சொந்தக்காரங்க செத்த மாதிரி இருக்கும். தோவாளைப் பூ மார்க்கெட் விடியறதுக்கு முன்னாடியே களை கட்டிடும், ஓணத்துக்குப் போனீங்கன்னா கேரளாவுக்கு லோடு ஏத்துறதுல நிக்க இடம் இருக்காது.

மேற்குக் கடற்கரைல ஜூன் 1லேருந்து ஜூலை 31 வர விசைப்படகுக்குத் தடை. வெளியேருந்து வர்றவங்க போட்டு ஓடாத சமயத்துல என்ன எடுக்கன்னு திரும்பிப் போயிடுவாங்க. ஆனா அந்த ரெண்டு மாசம்தான் ஆம்பளைங்க கரையில இருப்பாங்க, கிழிஞ்ச வலை பொத்துவாங்க, கடன் பேசுவாங்க, கல்யாணம் பேசுவாங்க, பேசவும் நேரம் இருக்கும். என் ரெண்டாவது படத்துல பாதி அந்த ரெண்டு மாசத்துல எடுத்தது.

ஆளுங்க கேமரா முன்னாடி எப்படிப் பேசுவாங்க? பயப்படமாட்டாங்களா?

பயப்படுறது நாமதான். அண்டி ஆபீஸ் படத்துக்கு மொத ரெண்டு மாசம் நான் கேமராவ வெளிய எடுக்கவே இல்ல. உள்ள விடமாட்டாங்க, அது ஒரு காரணம். அதனால காலைல பஸ்ஸுல அவங்க கூடவே போவேன், சாயங்காலம் கூடவே வருவேன். ஒரு மாமி தினமும் "ஏளா, இன்னைக்கும் வந்துட்டியா, உனக்கு வீட்டுல வேல ஒண்ணும் இல்லியா"ன்னு கேப்பாங்க. ஒரு நாள் காய்ச்சல்னு போகல. மறுநாள் அந்த மாமி "நேத்து எங்க மக்ளே போன"ன்னு கேட்டாங்க. அன்னைக்குதான் கேமராவ எடுத்தேன்.

முதலாளிங்ககிட்ட அனுமதி கேட்டு ஏழெட்டு இடத்துல முடியாதுன்னுட்டாங்க. கடைசில ஒருத்தரு விட்டாரு, ஆனா தொலி உரிக்கிற ஹாலுக்குள்ள மட்டும், அதுவும் மத்தியானத்துக்கு மேல. அதனாலதான் அந்தப் படம் முழுக்க சாயங்கால வெளிச்சம். பாத்தவங்க நல்ல ரசனைன்னு பாராட்டுனாங்க, நானும் ஆமான்னு சொல்லிகிட்டேன்.

சம்மதம் வாங்குறதப் பத்தி ஒண்ணு. பேப்பர்ல கையெழுத்து வாங்குறது ஃபெஸ்டிவலுக்கும் வக்கீலுக்கும். அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, எடிட் முடிஞ்சதும் அவங்களுக்குப் போட்டுக் காட்டணும், வேண்டாம்னு சொல்றத எடுத்துறணும். ஒரு அக்கா தன் புருஷன் குடிச்சிட்டு அடிச்சதப் பத்தி பத்து நிமிஷம் பேசியிருந்தாங்க, படத்துலயே பலமான இடம் அதுதான், போட்டுப் பாத்துட்டு "எடுத்துரு பிள்ள, மகளுக்கு சம்பந்தம் பேசிட்டிருக்கு"ன்னாங்க. எடுத்துட்டேன். எடிட்டர் ஒரு வாரம் எங்கூட பேசல.

எடுக்காம திரும்புனதும் உண்டு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அடுத்த வாரம் சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போனேன், பையில கேமரா இருந்துச்சு. வீட்டு வாசல்ல பொம்பளைங்க கடலப் பாத்தே உக்காந்திருக்காங்க, ஒவ்வொரு தடவ ஃபோன் அடிக்கும்போதும் எல்லாத் தலையும் திரும்புது. நான் பைய திறக்கவே இல்ல. அதப் படமா எடுத்த ஆளுங்க இருக்காங்க, எடுத்தது தேவையும்தான், இல்லன்னா இன்னைக்கு அதுக்கு சாட்சி இல்ல. என்னால முடியல, அவ்வளவுதான்.

பொண்ணுங்களுக்கு இந்த வேல சரியா வருமா?

சரியா வராத வேல எதுன்னு தெரியல. கஷ்டம் எங்கன்னா, ராத்திரி மூணு மணிக்கு ஹார்பருக்குப் போகணும்னா கூட யாரு வர்றாங்கன்னு வீட்டுல கேப்பாங்க. போட்டுல ஏத்தமாட்டேன்னு சொன்னவங்களும் உண்டு, கடல் ஷாட் எல்லாம் ஒரு அண்ணன்கிட்ட சின்ன கேமராவக் குடுத்துவிட்டு எடுத்தது, நான் எடுத்திருந்தா அவ்வளவு நல்லா வந்திருக்காது. லாபம் எங்கன்னா, அடுக்களைக்குள்ள, மீன் விக்கிற அக்காமார் கூட்டத்துக்குள்ள ஆம்பள டைரக்டர் எவனும் உக்கார முடியாது, நான் உக்காந்து சீனி போடாத கட்டன் குடிச்சுகிட்டு நாள் முழுக்க இருப்பேன்.

பர்மிஷன், சென்சார் எல்லாம் வேணுமா?

பப்ளிக்கா திரையிடணும்னா 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி சென்சார் சர்டிஃபிகேட் வேணும், டாக்குமென்டரிக்கும்தான். ஃபெஸ்டிவலுக்குத் தனியா விலக்கு உண்டு, அத ஃபெஸ்டிவல்காரங்களே வாங்கிக்குவாங்க. காட்டுக்குள்ள எடுக்கணும்னா வனத்துறை அனுமதி இல்லாம போகாதீங்க, கேமராவப் புடிங்கி வச்சா அலையணும். ட்ரோனுக்கு டிஜிட்டல் ஸ்கைன்னு அரசாங்க வெப்சைட் இருக்கு, அதுல உள்ள மேப்புல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு இருக்கும், பச்சைல 400 அடி வர அனுமதி கேக்க வேண்டாம், மத்த கலர்னா கேக்கணும். 2021 விதி அது.

யாரும் சொல்லித்தராத ஒரு தொல்லை இருக்கு, பாட்டு. அண்டி ஆபீஸ்ல நாள் முழுக்க ரேடியோ ஓடும், நல்ல பேட்டிக்குப் பின்னால சினிமாப் பாட்டு. உரிமை வாங்க காசு இல்ல, பாட்ட மட்டும் உருவி எடுக்கவும் முடியாது. இப்பெல்லாம் மொதல்ல ரேடியோவ அணைக்கச் சொல்லிட்டுதான் உக்காருவேன்.

நம்ம ஊரு பேச்சு வெளியூர் ஆளுங்களுக்குப் புரியுமா?

சென்னைல போட்டப்ப தமிழ்ப் படத்துக்குத் தமிழ்லயே சப்டைட்டில் கேட்டாங்க. களியக்காவிளை பக்கம் பாதி மலையாளம் கலந்து வரும், கடற்கரைப் பேச்சு வேற ஒரு வேகம். நான் பேச்ச மாத்தச் சொல்லமாட்டேன். இங்கிலீஷ் சப்டைட்டில் நீங்களே எழுதுங்க, தெரியலன்னா தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்து எழுதுங்க. "சும்மா இரு பிள்ள"ங்குறத மொழிபெயர்ப்பு ஏஜென்சில குடுத்து அது "வாயை மூடு"ன்னு வந்து, பாசமா பேசுன பாட்டி திரையில கொடுமைக்காரியா ஆயிட்டாங்க.

எவ்வளவு எடுத்து எவ்வளவு வைக்கணும்?

ஒரு மணி நேர டிவி நேரத்துக்கு 52 நிமிஷம். அதுக்கு நான் எழுபது மணி நேரம் எடுத்தேன், அது அதிகம், பயத்துல எடுத்தது. ஏ.கே. செட்டியார் காந்தி பத்தி 1940ல தமிழ்ல படம் கொண்டு வந்தாரே, அதுக்காக நாடு நாடா கப்பல்ல சுத்தி ஐம்பதாயிரம் அடி ஃபிலிம் சேத்தாரு, படத்துல வந்தது பன்னெண்டாயிரம் அடி. அவருக்கு ஹார்ட் டிஸ்க்கும் இல்ல, கடன் குடுக்க நமக்கு இருக்குற மாதிரி பேங்க் ஆப்பும் இல்ல. எனக்கு எடிட் வராம உக்காந்திருக்கும்போது அந்த ஆள நெனச்சுக்குவேன்.

முடிச்ச படத்த எங்க போடுறது?

மும்பைல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மிஃப்னு ஒரு டாக்குமென்டரி ஃபெஸ்டிவல், 1990லேருந்து நடக்குது. ஆனா நமக்குப் பக்கத்துலயே பெரிய விஷயம் திருவனந்தபுரத்துல இருக்கு, கேரளா சலச்சித்ர அகாடமி நடத்துற டாக்குமென்டரி ஃபெஸ்டிவல், 2008ல தொடங்குனது. நாகர்கோவில்லேருந்து எழுபது கிலோமீட்டர், காலைல ட்ரெயின் ஏறுனா நாலு படம் பாத்துட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துரலாம். படம் அனுப்பாட்டியும் போய்ப் பாருங்க. நான் படிச்ச ஃபிலிம் ஸ்கூல் அந்தத் தியேட்டர் வாசல்தான்.

ஊர்ல போடுறத விட்டுராதீங்க. அண்டி ஆபீஸ் படத்த ஒரு சர்ச் மண்டபத்துல போட்டேன். சீரியஸான இடத்துல எல்லாம் சிரிச்சாங்க, ஏன்னா திரையில இருக்குறது அவங்க பக்கத்து வீட்டு ஆளு, ஐயோ அந்த சேலையப் பாருன்னு சத்தம். நான் பின்னாடி நின்னு வேர்த்துட்டிருந்தேன். அந்த அக்காவோட கருத்த கை வர்ற இடம் வந்துச்சு, சத்தம் நின்னுச்சு. முடிஞ்சதும் அந்த பஸ் மாமி வந்து, "எல்லாஞ் சரி, எனக்கு வயசு கூட்டிக் காட்டிட்ட"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

உங்ககிட்ட அசிஸ்டென்ட்டா சேரலாமா?

சேரலாம், படம் ஓடும்போது ஒருத்தர் ரெண்டு பேரு வேணும். சம்பளம் கொஞ்சம்தான், ஆனா உண்டு, சும்மா வேல வாங்கமாட்டேன். சர்டிஃபிகேட் பாக்கமாட்டேன், இதுவரைக்கும் பண்ணத வெட்டி ஒட்டுற ஷோரீலும் வேண்டாம். உங்க தெருவுல ஒருத்தரப் பத்தி, வீட்டு ஆளு இல்லாத ஒருத்தர், மூணு நிமிஷம் ஃபோன்ல எடுத்து அனுப்புங்க, பின்னணி இசை போடாம. காலைல நாலு மணிக்கு எழும்ப முடியணும், ஸ்கூட்டர் ஓட்டத் தெரிஞ்சா ரொம்ப உதவி. ஜூன் ஜூலைல அனுப்பாதீங்க, கடற்கரைல இருப்பேன், பாக்கமாட்டேன்.